ஒரு நூல் எப்போது எல்லோருக்கும் உரியதாகிறது?

பழைய தமிழ் நூலொன்றை மறுபதிப்புச் செய்ய நினைப்பவரும், அதை இணையத்தில் ஏற்ற விரும்புபவரும், ஒரு சிறுகதையை நாடகமாக்க எண்ணுபவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இதற்கு யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா? நம் இலக்கியச் சூழலில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கும். "அவர் மறைந்து எத்தனையோ காலமாயிற்று, இனி யார் கேட்கப் போகிறார்கள்" என்பது ஒன்று. "அவர் நூல்களைத்தான் நாட்டுடைமை ஆக்கிவிட்டார்களே" என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் நம்பி அச்சகத்துக்குப் போக முடியாது. இரண்டுமே எழுத்தாளரின் பெயரை வைத்துப் பேசுகின்றன. சட்டம் கையிலிருக்கும் பிரதியை வைத்துப் பேசுகிறது. அந்தப் பிரதியில் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது, ஒவ்வொருவரும் எப்போது மறைந்தார், அது முதலில் எப்போது வெளிவந்தது, எந்த நாட்டில் நின்று கேட்கிறோம் என்பவை தெரிந்தாலன்றி விடை கிடையாது. ஆகவே இது சட்டம் படித்தவர்களுக்கு மட்டுமான கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. நூல் வரலாறு அறிந்தவர்கள் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதிப்புரிமையின் கட்டு நீங்கி எவரும் பயன்படுத்தக்கூடிய நிலையில் உள்ள படைப்புகளின் தொகுதியை ஆங்கிலத்தில் பப்ளிக் டொமைன் என்கிறார்கள். இங்கே அதைப் பொதுக்களம் என்று குறிப்போம். இந்தியாவில் ஒரு படைப்பு பொதுக்களத்தை அடைய முதன்மையான வழி காலம் கழிவது. தமிழ்நாட்டில் இதற்குக் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. அரசு பணம் கொடுத்து உரிமையைப் பெற்று, அதை மக்களுக்கு விட்டுவிடும். அதுவே நாட்டுடைமை. விளைவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒன்றைச் சரிபார்க்கும் முறை வேறு, மற்றொன்றைச் சரிபார்க்கும் முறை வேறு.

பாரதி காட்டிய வழி

குறுக்கு வழியின் தொடக்கம் பாரதி. அவர் 1921 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டே செல்லம்மாள் பாரதி 'சுதேச கீதங்கள்' தொகுதிகளை வெளியிட்டார். பின்னர் பாரதியின் சிற்றன்னை மகனான சி. விசுவநாதன் பங்கேற்ற பாரதி பிரசுராலயத்திடம் நூலுரிமை சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை அதிலிருந்து தனியே பிரிந்து, ஒரு வணிகர் கைக்குப் போய், 1940களில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. ஆக ஒரே பாட்டை நூலில் அச்சிட ஒருவரிடமும், பாடிப் பதிய மற்றொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தம்முடைய 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது, உரிமை தமக்கே உரியதென்று ஏவி.எம். தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. தெருவெங்கும் பாடப்பட்ட கவிஞரின் சொல்லுக்கு ஒரு நிறுவனம் உரிமை கோருவதா என்ற கேள்வி பொதுமேடைக்கு வந்தது அப்போதுதான்.

வ.ரா., நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் முன்னின்று நடத்திய பாரதி விடுதலை இயக்கத்தின் பயனாக, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த சென்னை மாகாண அரசு 1949இல் உரிமைகளைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் மகள்கள் இருவருக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. அரசே குழு அமைத்துப் பாரதி நூல்களை வெளியிட்டது. 1950களின் நடுவில் எவரும் பாரதியைப் பதிப்பிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. இவ்வரலாற்றை விரிவாக அறிய விரும்புவோர்க்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூல் இருக்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒரு கணக்கை. அரசு தலையிடாமல் இருந்திருந்தால் அன்றைய 50 ஆண்டு விதிப்படி பாரதியின் வாழ்நாளில் வெளியான படைப்புகள் 1972 ஜனவரி 1 அன்று பொதுக்களத்தை அடைந்திருக்கும். நாட்டுடைமை அந்த நாளைப் பல ஆண்டுகள் முன்னே இழுத்தது. காலம் தானாகச் செய்யவிருந்ததை அரசு விலை கொடுத்து விரைவுபடுத்தியது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

பட்டியலில் உள்ள பெயரும் உண்மையும்

பாரதிக்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்து இவ்வழக்கம் விரிவடைந்தது. 1990களிலிருந்து பாரதிதாசன், அண்ணா, கல்கி, புதுமைப்பித்தன் என்று வரிசை நீண்டது. மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை என்ற பெயரில் ஒரு தொகை வழங்குவது நடைமுறையாயிற்று. ஆனால் உரிமையாளர் இசைந்தாலொழிய இந்த ஏற்பாடு நிறைவேறாது. 2009ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் நாட்டுடைமை ஆக்கப்படுவோர் பட்டியலில் கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் பெயர்களும் இருந்தன. இரு குடும்பத்தாரும் இசையவில்லை. அவர்கள் நூல்கள் நாட்டுடைமை ஆகவில்லை. அன்றைய நாளிதழை மட்டும் நறுக்கி வைத்திருப்பவர் இன்றும் அவ்விருவரையும் நாட்டுடைமையாளர் என்றே எண்ணிக்கொண்டிருப்பார். 1981இல் மறைந்த கண்ணதாசனின் எழுத்துக்கு 2041 முடியும் வரையும், 2005இல் மறைந்த சுந்தர ராமசாமியின் எழுத்துக்கு 2065 முடியும் வரையும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

ஆகவே நாட்டுடைமை என்று சொல்லப்படும் இடத்தில் நாம் தேட வேண்டியது அறிவிப்பை அன்று, நிறைவேறிய ஆணையை. அந்த ஆணை எந்தெந்தப் படைப்புகளைத் தழுவுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்தாளர் தம் வாழ்நாளிலேயே ஒரு நூலின் உரிமையை வேறொருவருக்கு முற்றாக விற்றிருந்தால், அந்நூலைப் பொறுத்தவரை குடும்பத்தார் அரசுக்குக் கொடுக்க எதுவுமில்லை. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை தனியே அலைந்ததை நினைவில் வைத்தால் இது விளங்கும்.

தாகூருக்காக நீண்ட பத்தாண்டு

இனி முதன்மை வழிக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் வாழ்நாளும், மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் முதல் நாளிலிருந்து 50 ஆண்டுகளும் என்பது அதன் விதி. இன்று அந்த 50, 60 ஆக உள்ளது. இடையில் நடந்தது என்ன?

இரவீந்திரநாத் தாகூர் 1941 ஆகஸ்டில் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமை அவர் நிறுவிய விசுவபாரதியிடம் இருந்தது. 1991 டிசம்பர் 31 நள்ளிரவோடு அது முடியவேண்டும். அந்நாள் நெருங்கியபோது உரிமையை நீட்டிக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. ஒருவருக்கென்று தனிச்சட்டம் இயற்றுவதற்குப் பதிலாக எல்லோருக்குமே பத்தாண்டு கூட்டிவிட்டார்கள். 1991 முடிவதற்குள் அவசரச் சட்டம் வந்தது. 1992இல் நாடாளுமன்றம் அதை உறுதிசெய்தது. தாகூர் 2002 ஜனவரி 1 அன்றுதான் பொதுக்களத்துக்கு வந்தார்.

தாகூருக்காகத் திறந்த குடையின் கீழ் வேறு பலரும் வந்து நின்றார்கள். 1941இல் மறைந்த ஜேம்ஸ் ஜாய்ஸும் வர்ஜீனியா வுல்ஃபும் இந்தியாவில் மேலும் பத்தாண்டு காக்கப்பட்டார்கள். தமிழில் 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையர் 1993இல் வந்திருக்கவேண்டியவர், 2003இல் வந்தார். 1944இல் மறைந்த கு.ப. ராஜகோபாலனுக்கு 1995 என்பது 2005 ஆயிற்று. 1940 வரையில் மறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே பொதுவாகிவிட்டதை அந்தத் திருத்தம் மீட்கவில்லை. 1925இல் மறைந்த அ. மாதவையாவின் வாழ்நாள் வெளியீடுகள் 1976லிருந்தே நம் எல்லோருக்கும் உரியவை.

வங்கத்துக் கவிஞர் ஒருவரின் பெயரால் எடுத்த முடிவு, தமிழில் ஒரு தலைமுறையின் எழுத்தைப் பத்தாண்டு தள்ளிவைத்தது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் குறிப்பதேயில்லை. விசுவபாரதியைப் போன்ற நிறுவனம் பின்னே நின்ற தாகூருக்கு அந்தப் பத்தாண்டால் பொருள் இருந்தது. மறுபதிப்பே காணாதிருந்த சிற்றெழுத்தாளர் பலருக்கு அந்தப் பத்தாண்டு மேலும் ஒரு மறதிக்காலமாகவே கழிந்திருக்கும்.

ஒரு மணிக்கொடி இதழ்

1930களில் வெளிவந்த 'மணிக்கொடி' இதழ்களை அப்படியே மறுஅச்சு செய்ய ஒருவர் முன்வருவதாக வைத்துக்கொள்வோம். தொண்ணூறு ஆண்டுப் பழமை உடையது, இனி என்ன தடை என்று அவர் நினைக்கலாம். அவ்விதழில் எழுதியவர்களில் நால்வரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாட்டுடைமை போன்ற பிற ஏற்பாடுகளை ஒதுக்கிவிட்டு, வெறும் காலக்கணக்கைப் போட்டால் இப்படி வரும். கு.ப. ராஜகோபாலன் மறைந்தது 1944. அவர் கதை 2005இல் பொதுவாகிறது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948, அவருடையது 2009. ந. பிச்சமூர்த்தி மறைந்தது 1976, அவருடையது 2037. மௌனி மறைந்தது 1985, அவருடையது 2046. ஒரே இதழ், ஒரே மை, ஒரே தாள், ஆனால் கு.ப.ரா.வின் பக்கத்துக்கும் மௌனியின் பக்கத்துக்கும் இடையே 41 ஆண்டு தொலைவு இருக்கிறது.

அச்சான ஆண்டை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதே இதழில் பெயரின்றியும் புனைபெயரிலும் சில பக்கங்கள் இருக்குமானால் அவற்றுக்கு விதி வேறு. எழுதியவர் யாரென்று வெளிப்படாத படைப்புக்கு, வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அக்காலத்துக்குள் அவர் இன்னாரென்று வெளிப்பட்டுவிட்டால், மீண்டும் அவருடைய மறைவாண்டே அளவுகோல். புனைபெயர் ஆராய்ச்சி என்பது நம்மிடையே இலக்கிய வம்பு போலக் கருதப்படுகிறது. அதற்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

உ.வே.சா.வின் சரித்திரம்

வாழ்நாளில் வெளியாகாமல், மறைவுக்குப் பின் முதன்முதலாக அச்சேறும் எழுத்துக்கு மற்றொரு விதி இருக்கிறது. அங்கே 60 ஆண்டு என்பது மறைவிலிருந்து எண்ணப்படுவதில்லை. முதல் வெளியீட்டிலிருந்து எண்ணப்படுகிறது. நாட்குறிப்பு, கடிதம், கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த நாவல் முதலியவை இவ்விதியின்கீழ் வரும். பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து இன்று முதன்முதலாக வெளியிட்டால், ஆசிரியர் மறைந்து பல ஆண்டு ஆகியிருந்தாலும், புதிதாக 60 ஆண்டுகள் தொடங்கக்கூடும்.

இவ்விதியைப் பயன்படுத்தும்போது நூல் வரலாறு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 'என் சரித்திரம்' நல்ல எடுத்துக்காட்டு. உ.வே.சா. 1942 ஏப்ரல் 28 அன்று மறைந்தார். 'என் சரித்திரம்' நூலாக வந்தது 1950இல். நூலின் முகப்புப் பக்கத்தை மட்டும் பார்ப்பவர், இது மறைவுக்குப் பின் வெளியானது, ஆகவே 1950லிருந்து 60 ஆண்டு, 2010 முடியும் வரை உரிமை உண்டு என்று கணக்கிடுவார். ஆனால் அது 1940லிருந்தே 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்தது. இதழில் வருவதும் வெளியீடுதான். ஆகவே 2002 டிசம்பர் 31 உடன் உரிமை முடிந்துவிட்டது. அவர் மறைந்த பிறகு அதே ஆண்டில் ஏதேனும் ஓர் அத்தியாயம் அச்சாகியிருந்தாலும் கணக்கு மாறாது; வெளியீட்டு ஆண்டும் மறைவாண்டும் ஒன்றே. எட்டு ஆண்டு வேறுபாட்டை ஒரு வார இதழின் பழைய தொகுப்பு தீர்த்துவைக்கிறது.

உ.வே.சா.வின் பிற பணியையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1887இல் அவர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார்; 1892இல் சிலப்பதிகாரம்; 1894இல் புறநானூறு. திருத்தக்கதேவருக்கும் இளங்கோவுக்கும் எந்தச் சட்டமும் உரிமை வழங்கியதில்லை. அந்தக் காவியங்கள் என்றும் பொதுவே. ஆனால் அவற்றுடன் அவர் சேர்த்த முகவுரை, அரும்பத விளக்கம், குறிப்புரை ஆகியவை அவருடைய படைப்புகள். அவை 2002 வரை காக்கப்பட்டன. பழையதும் புதியதும் ஒரே அட்டைக்குள் இருந்தன.

அட்டைக்குள் எத்தனை பேர்

இந்த அடுக்குத்தன்மையைப் 'பொன்னியின் செல்வன்' இன்னும் தெளிவாகக் காட்டும். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த அந்நாவல் 1990களின் இறுதியில் நாட்டுடைமை ஆயிற்று. அதன்பின் எத்தனை பதிப்பகங்கள் எத்தனை விலைகளில் அதை வெளியிட்டன என்பதைப் புத்தகக் காட்சிக்குப் போகும் எவரும் அறிவர். ஆனால் தொடருடன் வந்த மணியத்தின் ஓவியங்கள் கல்கியின் எழுத்தல்ல. மணியம் 1968இல் மறைந்தார். கலைப்படைப்புக்கும் ஆசிரியர் வாழ்நாளும் 60 ஆண்டும் என்பதே விதியாதலால், 2028 முடியும்வரை அவ்வோவியங்கள் காப்பில் இருக்கின்றன. பழைய தொகுப்பை வருடி அப்படியே மறுஅச்சு செய்பவர், எழுத்தைப் பொறுத்தவரை சுதந்திரமானவர். பக்கத்திலிருக்கும் வந்தியத்தேவன் படத்தைப் பொறுத்தவரை அப்படியல்ல. நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும், 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் எடுத்த படங்களும் அவரவர் உரிமைக்கு உட்பட்டவை. மூலத்திலிருந்து எவரும் புதிதாக மொழிபெயர்க்கலாம், படமெடுக்கலாம். பிறர் செய்த மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ள முடியாது.

மொழிபெயர்ப்பு என்றதும் காந்தியின் தன்வரலாறு நினைவுக்கு வருகிறது. அவர் குஜராத்தியில் எழுதியது 1925இலிருந்து 'நவஜீவன்' இதழில் தொடராக வந்தது. 1948 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார். 2009 ஜனவரி 1 அன்று மூலம் பொதுவாயிற்று. பரவலாக வாசிக்கப்படும் ஆங்கில வடிவம் மகாதேவ தேசாய் செய்தது. அவர் காந்திக்கு முன்பே, 1942இல், காவலில் இருந்தபோது மறைந்தார். அவருடைய மொழிபெயர்ப்பின் தனிக்கணக்கு 2002 உடனே முடிந்துவிட்டது. மூலத்தின் உரிமைதான் அதை மேலும் ஆறாண்டு கட்டி வைத்திருந்தது. ஐந்தாம் பகுதியின் 29 முதல் 43 வரையிலான அத்தியாயங்களை மொழிபெயர்த்தவர் பியாரேலால் என்று தேசாயே முன்னுரையில் குறித்திருக்கிறார். பியாரேலால் மறைந்தது 1982. அந்தப் பதினைந்து அத்தியாயங்களைத் தனியே அவர் பெயரில் கணக்கிட்டால் 2042 ஆகிவிடும். தமிழில் நாம் படிக்கும் 'சத்திய சோதனை'யை மொழிபெயர்த்தவர் ரா. வேங்கடராஜுலு. "காந்தி பொதுவாகிவிட்டார், ஆகவே சத்திய சோதனையும் பொது" என்று சொல்லுமுன் இவருடைய மறைவாண்டைத் தேடியாக வேண்டும். தமிழில் மொழிபெயர்ப்பாளர்களின் மறைவாண்டைத் தேடியலைந்தவர்களுக்கு இதன் கடினம் புரியும்.

பதிப்பாசிரியரின் பங்கு

இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. பல இதழ்களிலும் முதற்பதிப்புகளிலும் ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, பிழை நீக்கி, ஒருவர் புதுமைப்பித்தன் கதைகளையோ பாரதி கட்டுரைகளையோ செம்பதிப்பாகக் கொண்டுவருகிறார். கதை பொதுவானது. அந்தச் செம்பதிப்பு?

இந்திய உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கே பொதுவாக இருந்தது நீதிமன்றத் தீர்ப்புகளின் வாசகம். அதில் எழுத்துப்பிழை திருத்துவது, நிறுத்தக்குறி இடுவது, மேற்கோளைச் சரிபார்ப்பது போன்றவை உழைப்பேயானாலும் புதிய உரிமையை உண்டாக்கா என்றது நீதிமன்றம். வெறும் உழைப்பும் செலவும் போதா. சிறிதளவேனும் படைப்பூக்கமும் தேர்ச்சியும் கலந்த தீர்மானம் வேண்டும் என்பது அளவுகோல். அதே வேளையில், பதிப்பகம் எழுதிச் சேர்த்த தலைக்குறிப்புகளையும், பத்திகளைப் பொருள் அறிந்து பிரித்து எண்ணிட்டதையும் நீதிமன்றம் காத்தது.

இதை இலக்கியப் பதிப்புக்குப் பொருத்திப் பார்த்தால், முன்னுரையும் குறிப்புரையும் பின்னிணைப்பும் பதிப்பாசிரியருக்கு உரியவை என்பதில் ஐயமில்லை. ஆசிரியர் எழுதிய சொல்லையே மீட்டுத் தந்திருக்கும் இடத்தில், அந்தச் சொல் ஆசிரியருடையதாகவே இருக்கும். பத்தாண்டு உழைத்த பதிப்பாசிரியருக்கு இது கசப்பாகத் தோன்றலாம். ஆனால் அவர் நோக்கமே ஆசிரியரின் சொல்லைத் தம் கை படாமல் நமக்குத் தருவதுதானே! சட்டம் பெற்றுத்தராத ஒன்றை நாம் தர முடியும். எவர் பதிப்பிலிருந்து பாடத்தை எடுத்தோம் என்று பெயரிட்டுச் சொல்வது செலவில்லாத நன்றி. நாட்டுடைமை நூல்களை அச்சிடுவோரில் பலர் இதைச் செய்வதில்லை. எந்தப் பதிப்பிலிருந்து தட்டெழுதினார்கள் என்று அறியாத பொன்னியின் செல்வன்கள் சந்தையில் ஏராளம். விடுதலை பெற்ற நூலுக்குக் காவலர் இல்லை என்பது உண்மை.

எந்த நாட்டில் கேட்கிறோம்

கடைசியாக இடம். ஜார்ஜ் ஆர்வெல் 1950 ஜனவரியில் மறைந்தார். இந்தியாவில் அவருடைய '1984' 2011லேயே பொதுவாகிவிட்டது. 70 ஆண்டு விதியுள்ள பிரிட்டனில் 2021இல். அமெரிக்காவில் அக்கால நூல்களுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு என்பதால், 1949இல் வந்த அந்நாவல் 2044 முடியும் வரை அங்கே காப்பில் இருக்கும். சென்னையில் ஒருவர் அதைத் தமிழாக்கி வெளியிட அனுமதி வேண்டியதில்லை. அந்த ஆங்கில மூலத்தை நியூயார்க்கில் அச்சிட்டால் வழக்கு வரும்.

இது வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். தம் சொந்த நாட்டில் 1996 ஜனவரி 1 அன்று உரிமை உயிரோடிருந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா தன் சட்டத்தில் உரிமையை மீட்டுத் தந்தது. கு.ப.ரா.வுக்குப் பழைய 50 ஆண்டு விதியே நீடித்திருந்தால் 1994 உடன் இந்தியாவில் உரிமை முடிந்து, அந்த மீட்பு அவரைத் தொட்டிருக்காது. தாகூருக்காக நீட்டிய பத்தாண்டு இருந்ததால், 1996இல் அவர் காப்பில் இருந்தார். விளைவு, 1936இல் வெளியான அவர் கதையொன்று கும்பகோணத்தில் 2005லிருந்து பொது. அமெரிக்கச் சட்டப்படியோ 2031 முடியும்வரை காப்பில் உள்ளது. இணைய நூலகம் நடத்துவோர் தங்கள் கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்ப்பது வீண் கவலையல்ல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் உலகெங்கும் உள்ள தமிழரை நம்பி நடப்பவை. அங்கே இந்தக் கேள்வி ஒவ்வொரு நூலுக்கும் எழும்.

மறைவாண்டு தெரியாதவர்கள்

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஓர் எண்ணை நம்பி நிற்கின்றன. அந்த எண் எழுத்தாளரின் மறைவாண்டு. பாரதிக்கும் தாகூருக்கும் அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் 1950களில் இரண்டு நாவல் எழுதிய ஓர் ஆசிரியர், பத்து மொழிபெயர்ப்புச் செய்த ஒரு பள்ளியாசிரியர், கதைக்குப் படம் வரைந்த ஓவியர் ஆகியோர் எப்போது மறைந்தார்கள் என்று எந்த நூலிலும் இருக்காது. குடும்பம் ஊர் மாறியிருக்கும். பதிப்பகம் மூடப்பட்டிருக்கும். கேட்க ஆளில்லை, கேட்காமல் அச்சிடத் துணிவில்லை. இத்தகைய நூல்களுக்கு நீதிமன்றத்திடம் விண்ணப்பித்து உரிமம் பெறச் சட்டத்தில் இடமிருந்த போதிலும், முந்நூறு பிரதி அச்சிடும் ஒரு சிற்றிதழ்க்காரர் அந்த வழியில் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக அந்த நூல் எவருடைய உரிமையாலும் தடுக்கப்படாமலே தடைபட்டு நிற்கிறது. தாள் மட்டும் பொடிந்துகொண்டிருக்கிறது.

எழுத்தாளர் குடும்பத்தின் உரிமையை நாம் குறைத்துப் பேசவில்லை. வாழ்நாளில் எழுத்தால் எதுவும் ஈட்டாத பலரின் மனைவி மக்களுக்கு அந்த உரிமைத்தொகையும் பரிவுத்தொகையும் உண்மையான உதவி. செல்லம்மாளின் 5,000 ரூபாயை யாரும் பழிக்க முடியாது. உரிமை இருக்கும் இடத்தில் கேட்டுப் பெறுவதே முறை. உரிமை முடிந்துவிட்ட இடத்தில் அச்சமின்றிப் பதிப்பிப்பதும் முறையே. இரண்டையும் பிரித்தறியும் சான்றுகள்தாம் நம்மிடம் குறைவாக இருக்கின்றன.

அந்தச் சான்றுகளைச் சேர்ப்பது வாசகர்களாகிய நம்மால் ஆகக்கூடியது. பழைய நூலை வருடும்போது முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் விடாமல் வருட வேண்டும். முதற்பதிப்பு எந்த ஆண்டு, முதலில் எந்த இதழில் வந்தது, மொழிபெயர்த்தவர் யார், படம் வரைந்தவர் யார் என்பவை அங்கேதான் இருக்கும். நம் ஊரில் மறைந்த ஓர் எழுத்தாளருக்கு அஞ்சலி எழுதும்போது "அண்மையில் காலமானார்" என்று எழுதாமல் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுத வேண்டும். அறுபது ஆண்டு கழித்து அவருடைய கதையைத் தேடியெடுத்து அச்சிட ஒருவர் முன்வருவாரானால், அவர் முதலில் தேடப்போவது அந்த ஒரு வரியைத்தான்.